ரெக், செலக்ட், இசிஎன்எல், பள்ளி அணி: மகளை எங்கே ஆடவிடுவது?

ராத்திரி பத்தே முக்காலுக்கு மெயில் வந்தது. மகளுக்கு அணியில் இடம் இருக்கிறது, 48 மணி நேரத்துக்குள் 400 டாலர் முன்பணம் கட்டி உறுதிசெய்ய வேண்டும். டெக்சஸில் டாலஸுக்கு வடக்கே பிரிஸ்கோ, பிளேனோ, ஆலன் பக்கம் சாக்கர், அதாவது கால்பந்து, ஆடும் பிள்ளை இருக்கிற வீடுகளுக்கு மே கடைசி, ஜூன் தொடக்கம் என்றால் இதுதான். ட்ரைஅவுட் என்கிற அணித் தேர்வு முடிந்து பிள்ளை குளித்துப் படுத்திருக்கும். அப்பாவும் அம்மாவும் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, இந்தக் கிளப்பா அந்தக் கிளப்பா, ஏ டீமா பி டீமா, பேசாமல் ரெக் என்கிற ஊர் லீக்கிலேயே விட்டுவிடலாமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

நான்கு வருடத்துக்கு முன்னால் மகனுக்காக இதே மேசையில் உட்கார்ந்தோம். அப்போது நாங்கள் ஒப்பிட்டது கிளப்புகளை மட்டும்தான்: எது எந்த லீக்கில் ஆடுகிறது, போன வருடம் எத்தனை கோப்பை வாங்கியது, எத்தனை பேரைக் கல்லூரி அணிக்கு அனுப்பியது. அவன் எதற்காக ஆடுகிறான் என்பது அந்தக் கணக்கில் வரவே இல்லை. நாங்கள் எதற்காக அனுப்புகிறோம் என்பதும் வரவில்லை. இந்தத் தடவை அந்த இரண்டையும் முதலில் பேசிவிட்டுத்தான் கிளப் பெயருக்கே வந்தோம். இங்கேயும் அதே வரிசையில் எழுதுகிறேன்.

நம் வீடுகளில் காரணம் கேட்டால், "உடம்புக்கு நல்லது, ஐபேடை வைத்துவிட்டு வெளியே வரட்டும்" என்போம். உண்மைதான். ஆனால் அதற்கு ஊர் லீக்கே போதும். சில ஆயிரம் டாலர் கொடுத்து, வாரம் மூன்று நாள் டோல்வே நெரிசலில் நின்று, ஊர் ஊராகப் போகிறோம் என்றால் பின்னால் வேறு ஆசைகள் இருக்கின்றன. கல்லூரி விண்ணப்பத்தில் கணக்கும் கோடிங்கும் தாண்டி ஒரு வரி வேண்டும். ஸ்காலர்ஷிப் கிடைத்தாலும் கிடைக்கும். எதிர்வீட்டுப் பெண் போன வருடமே கிளப்புக்குப் போய்விட்டாள், நம் பிள்ளை பின்தங்கிவிடுமோ. ஊரில் நமக்குக் கிடைக்காத புல்தரையும் ஷூவும் கோச்சும் இவளுக்காவது கிடைக்கட்டும். இன்னொன்றும் உண்டு, யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை: சனி ஞாயிறு முழுக்க அதே பத்துக் குடும்பங்களோடு மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்ததில் நமக்கே ஒரு சொந்தக் கூட்டம் அமைந்துவிடுகிறது. வந்து குடியேறிய ஊரில் அது சின்ன விஷயமில்லை. மகன் அணியை விட்டு விலகியபோது அவனைவிட என் கணவர்தான் அதிகம் ஒடிந்துபோனார். அவருடைய நண்பர்கள் எல்லாரும் அந்த நாற்காலிகளில்தான் இருந்தார்கள்.

பிள்ளைகளின் கணக்கு வேறு. ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் அமாண்டா விசெக் குழு, சாக்கர் ஆடும் பிள்ளைகள், அவர்களுடைய பெற்றோர், கோச்சுகள் மூன்று தரப்பிடமும் ஆட்டத்தை ஜாலியாக்குவது எது என்று கேட்டு 2015இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. 81 காரணங்கள் தேறின. அதில் ஜெயிப்பதற்கு 48ஆவது இடம். மேலே வந்தவை: மூச்சைப் பிடித்துக்கொண்டு முழு முயற்சியோடு ஆடுவது, அணியில் ஒருவரையொருவர் தூக்கிவிடுவது, கோச் மரியாதையாக நடத்துவது. புதுக் கிட் (சீருடை), பதக்கம் வகையறா கடைசித் தொகுதி. இதைப் படித்துவிட்டு, அப்படியானால் பிள்ளைக்குப் போட்டியே வேண்டாம் என்று முடிவுகட்டுவது தப்பு. முழு முயற்சி போட வேண்டுமென்றால் எதிரில் தகுந்த ஆள் வேண்டும். மகள் விஷயத்தில் எனக்கு இது புரிந்த இடம் ரெக் லீக்தான்.

ரெக் என்பது ஊர் லீக். அப்பாவோ அம்மாவோ கோச், வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ பயிற்சி, சனிக்கிழமை ஓர் ஆட்டம், முடிந்ததும் ஆரஞ்சுத் துண்டு. 1964இல் கலிபோர்னியாவில் தொடங்கிய ஏஒய்எஸ்ஓ அமைப்பின் அடிப்படைக் கொள்கையே 'எல்லாரும் ஆட வேண்டும்' என்பது. ஒவ்வொரு பிள்ளைக்கும் குறைந்தது பாதி ஆட்டம் உறுதி, அணிகளையும் பலம் சமமாக இருக்கும்படி பிரிப்பார்கள். மற்ற ஊர் லீக்குகளிலும் ஏறக்குறைய இதே மனப்போக்குதான். தோழிகளுக்காக வருகிற பிள்ளைக்கும், பரதமோ நீச்சலோ கூடவே கற்கிற பிள்ளைக்கும் இதைவிட நல்ல இடம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கும் இடைஞ்சல் வராது. ரெக்கில் இருப்பதை ஏதோ குறைச்சல் போலப் பேசும் பெற்றோரைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை. பன்னிரண்டு வயதில் ஒரு பிள்ளை சனிக்கிழமை காலையில் தானே எழுந்து ஷின் கார்டு மாட்டிக்கொண்டு நிற்கிறது என்றால் அந்த லீக் தன் வேலையைச் செய்துவிட்டது.

சிக்கல் பத்து, பதினொரு வயதில் வருகிறது. நன்றாக ஆடுகிறவர்கள் ஒவ்வொருவராகக் கிளப்புக்குப் போய்விட, மிச்சமிருக்கும் ஆட்டத்தில் பசியுள்ள பிள்ளைக்குத் தீனி இருக்காது. போன சீசனில் என் மகள் ஓர் ஆட்டத்தில் 5 கோல் போட்டாள். காரில் ஏறி, சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டே, "அம்மா, யாருமே என்கிட்டேர்ந்து பந்தைப் பிடுங்கல" என்றாள். பெருமையாகச் சொல்கிறாள் என்று நினைத்துத் திரும்பினேன். முகம் வாடியிருந்தது. குறையாகத்தான் சொல்லியிருக்கிறாள்.

அடுத்த படி செலக்ட், அதாவது சம்பளம் வாங்கும் கோச் உள்ள கிளப். வாரத்துக்கு இரண்டு மூன்று பயிற்சி, சுற்றுவட்டார லீக், வருடத்துக்கு மூன்று நான்கு டோர்னமென்ட். எங்கள் பக்கம் நான் விசாரித்தவற்றில் வருடக் கட்டணம் 2,000 டாலரிலிருந்து 3,500 வரை. கிட் தனி, ஹோட்டல் தனி. கையெழுத்துப் போட்டால் பெரும்பாலும் முழு வருடத்துக்கும் கட்டுப்பட்டதுதான், நடுவில் பிள்ளை வேண்டாம் என்றாலும் பாக்கிக் கட்டணம் கேட்பார்கள். ஒப்பந்தத்தில் அந்தப் பத்தியை நிதானமாகப் படியுங்கள். ஒரே கிளப்பில் ஒரே வயதுக்கு மூன்று நான்கு அணிகள் இருக்கும்; கட்டணத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது, ஆனால் மேல் அணிக்கு அனுபவமுள்ள கோச்சும் கீழ் அணிக்கு நேற்று வந்தவரும் இருப்பார்கள். ஆகவே ஒப்பிட வேண்டியது நம் பிள்ளையோடு செவ்வாயும் வியாழனும் மைதானத்தில் நிற்கப்போகும் அந்த ஒரு மனிதரை. ட்ரைஅவுட்டுக்கு முன்னாலேயே ஒரு பயிற்சிக்குப் போய் ஓரமாக நின்று பாருங்கள். ஒரு பிள்ளை தப்பாகப் பாஸ் கொடுத்த அடுத்த ஐந்து விநாடியில் அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டால் போதும்.

மகன் விஷயத்தில் நாங்கள் இதைச் செய்யவில்லை. ஒரு கிளப்பின் ஏ டீமில் கடைசி இடம், இன்னொன்றின் பி டீமில் உறுதியான இடம், இரண்டும் வந்தன. ஏ டீம் என்ற சொல்லில் மயங்கி முதலாவதை எடுத்தோம். அந்த வருடம் ஹூஸ்டனில் ஒரு டோர்னமென்ட்: நான்கு மணி நேர டிரைவ், இரண்டு ராத்திரி ஹோட்டல், நான்கு ஆட்டம். அவன் களத்தில் இருந்தது எல்லாம் சேர்த்து 38 நிமிடம். திண்டுக்கல்லிலிருந்து வந்திருந்த என் மாமனார் வெயிலில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நாலு ஆட்டத்தையும் பார்த்தார். கடைசி ஆட்டம் முடிந்ததும் என் பக்கம் குனிந்து, "ஏம்மா, புள்ள ரெண்டு நாளா சிரிக்கவே இல்லையே" என்றார். திரும்பும் வழியில் என் கணவர் ஒரு மணி நேரமாக அவனுக்குப் பொசிஷனிங் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். ஹண்ட்ஸ்வில்லில் சாம் ஹூஸ்டனின் பெரிய வெள்ளைச் சிலையைத் தாண்டும்போது பின்சீட்டிலிருந்து, "இன்னிக்கு மேட்ச் பத்திப் பேச வேண்டாம்ப்பா" என்று ஒரு குரல். அதன் பிறகு டாலஸ் வரைக்கும் யாரும் பேசவில்லை.

அவன் நவம்பரில் பிறந்தவன். 2016இலிருந்து இங்கே வயதுப் பிரிவை ஜனவரி முதல் டிசம்பர் வரை பிறந்த வருடப்படி பிரித்தார்கள். ஜனவரியில் பிறந்தவனும் நவம்பரில் பிறந்தவனும் ஒரே அணி. அந்த வயதில் பத்து மாதம் என்பது தோள் அகலத்திலும் ஓட்டத்திலும் பளிச்சென்று தெரியும். அவனைவிட ஒரு வகுப்பு மேலே படிக்கிறவர்களோடு, அணியிலேயே சின்னவனாக நின்றான். அவனுக்குத் திறமை போதவில்லை என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்ததில் பாதி, உடம்பு இன்னும் வளராததுதான். 2026 இலையுதிர் சீசனிலிருந்து பெரும்பாலான அமைப்புகள் ஆகஸ்ட் 1 முதல் ஜூலை 31 வரை என்று மாறுகின்றன. உங்கள் பிள்ளை ஆகஸ்டுக்கும் டிசம்பருக்கும் நடுவில் பிறந்ததென்றால், கிளப்பை ஒப்பிடும் முன் இதைப் பாருங்கள். நேற்றுவரை அணியில் இளையவர்களில் ஒன்றாக இருந்த பிள்ளை இந்த வருடம் மூத்தவர்களில் ஒன்றாகிவிடும்.

அதற்கும் மேலே இசிஎன்எல், எம்எல்எஸ் நெக்ஸ்ட், கேர்ள்ஸ் அகாடமி போன்ற தேசிய இளையோர் லீக்குகள். இசிஎன்எல் 2009இல் பெண்களுக்காகத் தொடங்கியது, 2017இல் பையன்களையும் சேர்த்துக்கொண்டார்கள். எம்எல்எஸ் நெக்ஸ்ட், 2020இல் மூடப்பட்ட டெவலப்மென்ட் அகாடமி என்ற லீக்கின் இடத்தில் வந்தது. வெளிமாநிலப் பயணம், கல்லூரிக் கோச்சுகள் வந்து பார்க்கும் ஷோகேஸ், வருடத்தில் பத்து மாதம் சாக்கர். இங்கே ஆட்டத்தின் தரம் உண்மையிலேயே வேறு. இதை நேசிக்கிற பிள்ளைக்கு இது சொர்க்கம்தான். எங்கள் தெருவிலேயே ஒரு பெண் இருக்கிறாள், விமானத்தில் வீட்டுப்பாடம் முடித்துவிட்டு வந்து இறங்கியதும் கராஜ் கதவில் பந்தடிப்பாள். அவளை யாரும் அனுப்பவில்லை, அவள்தான் வீட்டை இழுத்துக்கொண்டு போகிறாள்.

ஆனால் பெற்றோரை இங்கே இழுப்பது பெரும்பாலும் ஸ்காலர்ஷிப். அந்தக் கணக்கைப் பேப்பரில் போட்டுப் பாருங்கள். பள்ளி அணிகளில் ஆடும் பையன்களில் ஏதாவது ஒரு பிரிவில் கல்லூரி அணிக்குப் போகிறவர்கள் நூற்றுக்கு ஐந்தாறு பேர். கல்லூரி விளையாட்டின் மேல் பிரிவான டிவிஷன் 1 என்றால் நூற்றுக்கு ஒன்றிரண்டு. பெண்களுக்கு விகிதம் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். 2025 வரை இருந்த விதிப்படி ஒரு டிவிஷன் 1 பெண்கள் அணிக்கு 14 முழு ஸ்காலர்ஷிப், ஆண்கள் அணிக்கு 9.9, அதை அணி முழுவதற்கும் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்தார்கள். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற, கல்லூரி வீரர்கள் தொடுத்த ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்குப் பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளில் அந்த உச்சவரம்பு போய், அணியில் 28 பேருக்கு மேல் கூடாது என்ற வரம்பு வந்திருக்கிறது. எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்பதால் கொடுத்துவிடுவார்கள் என்று அர்த்தமில்லை. உட்காரும் இடமோ எண்ணி 28தான். டிவிஷன் 3 கல்லூரிகளும் ஐவி லீக்கும் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் தருவதே இல்லை. அங்கே கோச் கேட்டால் அட்மிஷனில் கை கொடுக்கும் என்பது வேறு விஷயம், அதையும் மறைக்க வேண்டியதில்லை. நம்மவர்களில் பலர் மனசுக்குள் நினைப்பதும் அதைத்தான். எங்கள் மகனின் கடைசி கிளப் வருடத்தில் கட்டணம், கிட், ஹோட்டல், பெட்ரோல் எல்லாம் சேர்ந்து 6,800 டாலர். எட்டு வருடம் அப்படியே கட்டியிருந்தால் டெக்சஸ் அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் உள்ளூர்ப் பிள்ளையின் நான்கு வருட டியூஷன் ஏறத்தாழ அதிலேயே முடிந்திருக்கும். ஸ்காலர்ஷிப்புக்காகச் சாக்கர் என்பதை உங்கள் காரணப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டு, அதன் பிறகும் அந்த லீக் வேண்டும் என்று தோன்றினால் தாராளமாகப் போங்கள்.

உடம்புக் கணக்கும் உண்டு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2016இல் சொன்னது: ஒரே விளையாட்டில் முழுவதுமாக இறங்குவதை 15, 16 வயது வரை தள்ளிப்போடுங்கள், வாரத்தில் ஒன்றிரண்டு நாள் ஓய்வு, வருடத்தில் மொத்தம் மூன்று மாதம் அந்த ஆட்டத்திலிருந்து விடுப்பு. என் மகனுக்குப் பதின்மூன்று வயதில் முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்து வலித்தது. வளரும் வயதில் ஓடி ஓடி வருவது, ஓய்வுதான் மருந்து என்றார் டாக்டர். ஓய்வெடுத்தால் இடம் போய்விடும் என்று வலியை மறைத்துக்கொண்டு ஆறு வாரம் ஆடியிருக்கிறான். அவனை அப்படி மறைக்கவைத்ததில் கோச்சுக்குப் பாதி, எங்களுக்குப் பாதி.

எம்எல்எஸ் என்ற தொழில்முறை லீக்கின் கிளப்புகள் நடத்தும் சொந்த அகாடமி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அங்கே கட்டணம் கிடையாது, நாம் தேர்ந்தெடுக்கவும் முடியாது. அவர்கள் கூப்பிட்டால் போகலாம். எஃப்சி டாலஸ் அகாடமியில் வளர்ந்த வெஸ்டன் மெக்கென்னி பக்கத்து லிட்டில் எல்ம் ஊர்ப் பையன், 2016இல் ஜெர்மனியின் ஷால்க அணிக்குப் போனவர். 2026 கோடையில் பக்கத்து ஆர்லிங்டனில் உலகக் கோப்பையின் 9 ஆட்டங்கள் என்பதால், எல்லாப் பிள்ளைகளின் வாயிலும் இந்தப் பெயர்தான்.

அமெரிக்க அணியின் முன்னாள் வீரர் கிளின்ட் டெம்ப்சியின் கதை வேறு விதம். கிழக்கு டெக்சஸில் நாக்கடோச்சஸ் ஊர்க்காரர். டாலஸில் கிளப் பயிற்சிக்காக ஒரு வழிக்கே மூன்று மணி நேரம் போல அவரைப் பெற்றோர் ஓட்டிக்கொண்டு போனார்கள். அக்கா ஜெனிஃபர் டென்னிஸில் மேலே வந்தபோது இரண்டு செலவும் தாங்காமல் இவர் கிளப்பை நிறுத்த வேண்டியதாயிற்று. அக்கா 1995இல் பதினாறு வயதில் திடீரென்று இறந்துபோனாள். அதன் பிறகு கிளப்புக்குத் திரும்பினார். அணியின் மற்றப் பெற்றோர் செலவில் கைகொடுத்தார்கள். அமெரிக்காவுக்காக 57 கோல் போட்டார். இந்தக் கதையைச் சொல்லிப் பெற்றோரை உசுப்பேற்றுகிறவர்கள் உண்டு. நான் அதில் பார்ப்பது, காசில்லாமல் நிறுத்த நேர்ந்தும், பசி தீராமல் திரும்பிவந்த பையனை. பெற்றோர் தேடிக்கொடுத்த பசியாக இருந்தால் நடுவிலேயே தீர்ந்திருக்கும்.

கடைசியாகப் பள்ளி அணி. டெக்சஸில் சீசன் குளிர்காலத்தில் ஜனவரி வாக்கில் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது. கிளப்போடு ஒப்பிட்டால் ஆட்டம் கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கும், உயரப் பந்து அதிகம். பழைய டெவலப்மென்ட் அகாடமி 2012இலிருந்து தன் பையன்களைப் பள்ளிக்கு ஆடவே விடவில்லை. எம்எல்எஸ் நெக்ஸ்டின் மேல் தட்டிலும் பெரும்பாலும் அதே நிலை, இசிஎன்எல் விடுகிறது. கையெழுத்துக்கு முன் இதையும் கேட்டுவிடுங்கள், ஏனென்றால் பிள்ளைகளுக்கு இதன் மதிப்பு நமக்குத் தெரிவதில்லை. கிளப் ஆட்டத்தைப் பார்ப்பது அம்மா அப்பா மட்டும். பள்ளி ஆட்டத்தில் கூடப் படிக்கிறவர்கள் போர்வையைப் போர்த்திக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்து பெயர் சொல்லிக் கத்துவார்கள். கிளப்பை விட்ட என் மகன் இந்த வருடம் ஒன்பதாம் வகுப்பில் ஜேவி அணியில், அதாவது பள்ளியின் இரண்டாம் நிலை அணியில், ஆடினான். பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி, பல் கிட்டும் குளிரில், 2-3 என்று தோற்றுவிட்டு வந்து, பீட்சா தின்றுகொண்டே அந்த இரண்டாவது கோல் எப்படி வந்தது என்று உப்பு டப்பாவையும் மிளகு டப்பாவையும் நகர்த்தி நகர்த்திக் காட்டினான். பள்ளியின் முதல் அணியான வார்சிட்டிக்குப் போனால் கிடைக்கும் லெட்டர் ஜாக்கெட் மீது இப்போது கண்.

மகளுக்கு என்ன செய்தோம் என்றால், முதலில் அவளிடம் எதையும் கேட்காமல் மூன்று வாரம் கவனித்தோம். பயிற்சி இல்லாத நாளில் பந்தைத் தொடுகிறாளா, ஆட்டம் முடிந்து காரில் முதலில் பேசுவது எதைப் பற்றி, மழையில் ஆட்டம் ரத்தானால் முகம் எப்படிப் போகிறது. பந்தைத் தொட்டாள், பேசியது எதிரணி டிஃபெண்டரைப் பற்றி, ரத்தான அன்று அழுதாள். அப்புறம்தான் ரெக்கை விட்டு வெளியே பார்த்தோம். செப்டம்பர் 2014இல் பிறந்தவள் என்பதால் புதிய விதிப்படி வரும் சீசனிலும் யு12தான் (பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டோர்), இன்னொரு வருடம் அணிக்கு 9 பேர் ஆட்டம். இசிஎன்எல் யு13இல் தொடங்குகிறது, ஆக அந்தக் கேள்வியே ஒரு வருடம் தள்ளிப்போய்விட்டது. மிஞ்சியது இரண்டு: நாற்பது நிமிடத் தூரத்தில் பெயர்பெற்ற கிளப்பின் ஏ டீம், பன்னிரண்டு நிமிடத்தில் சின்னக் கிளப்பின் இரண்டாவது அணி. இரண்டாவதன் கோச் பயிற்சியில் ஒரு பிள்ளை பந்தைத் தவறவிட்டபோது "நல்ல யோசனை, இன்னொரு தடவை" என்றார். வெளிமாநிலப் பயணம் கிடையாது, கோடையில் எட்டு வாரம் விடுமுறை. தமிழ்ப் பள்ளி மாதத்தில் ஒன்றிரண்டு ஞாயிறு அடிபடும், அதற்கு டீச்சரிடம் பேசியாகிவிட்டது.

என் கணவருக்கு இன்னும் ஏ டீம் மீது ஒரு கண் இருக்கிறது, அதை அவர் மறைக்கவில்லை. நாளை ராத்திரிக்குள் பணம் கட்ட வேண்டும். இன்று காலை இரண்டு மெயிலையும் மகளிடமே படிக்கக் கொடுத்தோம். கிண்ணத்தில் கார்ன்ஃப்ளேக்ஸைக் கிண்டிக்கொண்டே படித்துவிட்டு அவள் கேட்டது ஒன்றுதான்: சின்னக் கிளப்பில் சில ஆட்டம் கோல்கீப்பராக நின்று பார்க்க விடுவார்களா? அந்தக் கோச்சுக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன்.